எண்ணெய் படாத இரும்பு

முத்துவடிவின் கையில் சிக்கிய இரும்பு எதுவும் துருப்பிடித்தது கிடையாது. புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுத் துணியால் துடைத்த பிறகுதான் உள்ளே கொண்டுபோவாள். அரிவாள்மணை, தோசைக்கல், புருஷன் மாடக்கண்ணுவின் சுத்தியல், ஸ்பானர் எல்லாவற்றுக்கும் அதே மரியாதைதான்.

"ஏட்டி வடிவு, ஒம் மாப்ள ஒருநாளு அசந்து தூங்குனாம்னா அவனையும் புளி போட்டு வெளக்கிக் கொடியில காயப் போட்டுருவ" என்பாள் சுவருக்கு அந்தப் பக்கத்து சைதூன் பீவி.

"அவுக மேல துரு ஏதுக்கா? வெறும் தகரத் தூசிதான்."

குத்துக்கல்வலசையில் ஒரே சுவரை இரண்டு பக்கமும் பங்குபோட்ட வீடுகள் அவை. சைதூன் பீவியின் புருஷன் மைதீனும் மாடக்கண்ணுவும் ஒரே கூட்டு. ஆலை, சரக்குக் கொட்டகை என்று எங்கே தகரக் கூரை போட்டாலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஏறுவார்கள். சாரல் காலத்தில் ஊர் உலகமெல்லாம் குற்றாலத்துக்கு வந்து எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போகும். கூரை வேலைக்காரர்களுக்கு மட்டும் அது கையைக் கட்டிக்கொண்டு இருக்கும் காலம். ஆடி கழிந்து வெயில் முகம் காட்டினால்தான் வேலை. அதற்கப்புறம் ஐப்பசி மழை இறங்குவதற்குள் முடித்தாக வேண்டும். வருஷத்துப் பாடு முழுக்க அந்த இரண்டு மாதத்துக்குள்தான்.

அறுபத்தொன்றாம் வருஷம் புரட்டாசியில், ஊர்ப் பாதை பிரியும் வலசை விலக்கில் ஓர் அரிசி ஆலை எழும்பிக்கொண்டிருந்தது. அதுவரை அந்தப் பக்கத்தில் கூரை என்றால் பனங்கை, தேக்கு உத்திரம்தான். இந்த ஆலைக்குத்தான் முதல்முதலாக இரும்புக் கர்டர் வந்தது. கூட்ஸ் வண்டியில் வந்து இறங்கிய கர்டர்களை நாலு ஜோடி மாடு கட்டி இழுத்துவந்தார்கள். அவற்றைத் தூணுக்குமேல் ஏற்றி நிறுத்தியபோது, கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்குக் கழுத்து வலித்தது.

மேஸ்திரி அருமைநாயகம் எங்கெங்கோ ஆற்றுப் பாலங்களில் வேலைபார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர்தான், "இந்த ஒசரத்துக்குக் கயிறு இல்லாம ஒருத்தனையும் ஏத்த மாட்டேன்" என்று நின்றார்.

மத்தியானச் சோற்றுத் தூக்குச்சட்டியோடு முத்துவடிவு ஆலைக்குப் போகும் வழியில்தான் அய்யாக்குட்டி ஆசாரியின் கொல்லுப்பட்டறை. ஒருநாள் மேஸ்திரியும் மாடக்கண்ணுவும் அங்கேயே நின்றார்கள். அவளும் வேப்பமர நிழலில் ஒதுங்கி நின்றாள்.

"வே ஆசாரி, நண்டு பாத்திருக்கீரா?" என்றார் மேஸ்திரி.

"சித்தாத்துத் தண்ணியில பொறந்தவன்ட்ட நண்டு பாத்திருக்கியான்னு கேக்கீரே. என்ன, குழம்பு வைக்கணுமா?"

"குழம்பு அப்புறம் வைக்கலாம். அது கல்ல ரெண்டு பக்கமும் கொடுக்கால எப்பிடிக் கவ்வுது? அது மாதிரி கர்டர் விளிம்பக் கவ்வுற மாதிரி ஒண்ணு செய்யணும். நடுவுல ஒரு வளையம். வளையத்துல கயிறு. கயித்தோட அடுத்த முனை ஆளு இடுப்புப் பெல்ட்டுல."

மாடக்கண்ணு தலையைச் சொறிந்தான். "எதுக்கு அண்ணாச்சி இம்புட்டு? கயித்தச் சும்மா கர்டர்ல ரெண்டு சுத்துச் சுத்திக் கட்டுனா ஆகாதா?"

"ஆகாதுலே. விளிம்பு அரிவாளு மாதிரி இருக்கு, தொட்டுப் பாரு. ஒராளு எடை வெடுக்குன்னு இழுத்தா கயிறு நாரு நாரா போயிரும். பாலத்து வேலையில நானே பாத்தேன். ஆளு ஆத்துக்குள்ள கெடந்தான். கயித்து நுனி மேல ஆடிக்கிட்டுக் கெடந்துச்சு."

ஆசாரி கரியை எடுத்துத் தரையில் கோடு இழுத்தார். முழ நீளத்துக்கு இரும்புப் பட்டை. ஒரு முனையில் பட்டையோடு சேர்த்து அடித்த கொடுக்கு. எதிர்க் கொடுக்கு பட்டைமேல் முன்னும் பின்னும் நகரும். கர்டருக்கு அணைத்து வைத்து, அது விலகிவிடாமல் இருக்கத் துளைக்குள் ஓர் இரும்பு ஆப்பை அடித்து இறுக்க வேண்டும்.

"ஆப்புதான் உசுரு" என்றார் ஆசாரி. "அதோட சரிவு ஒரு நூலு கூடவும் படாது, கொறையவும் படாது. அத என்ட்ட விடும்."

பத்து நாளில் எட்டு நண்டு அடித்துவிட்டார். முதல் நண்டை ஆலைக்குக் கொண்டுபோய்க் கர்டரில் மாட்டி, நெல்மூட்டை கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். தாங்கியது. இன்னொரு மூட்டை கட்டினார்கள். தாங்கியது. மாடக்கண்ணு பெல்ட்டைக் கட்டப் போனான். ஆசாரி அவன் கையைத் தட்டிவிட்டார்.

"தள்ளுலே. செஞ்சவன்தான் மொதல்ல தொங்கணும்."

அறுபது வயசு மனுஷர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு அந்தரத்தில் தொங்கினார். "ஆசாரியாரே, எறங்கும். வவ்வாலுன்னு நெனச்சு எவனாவது கல்ல விட்டு எறிஞ்சிரப் போறான்" என்று மைதீன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு முத்துவடிவும் சிரித்தாள்.

மேஸ்திரி ஆட்களை உட்காரவைத்துச் சட்டம் சொன்னார். நண்டைத் தலைக்கு மேலே ஓடும் கர்டரில்தான் மாட்ட வேண்டும், சாரத்து மூங்கிலில் கூடாது. கயிறு ரெண்டு முழத்துக்கு மேல் தொய்யக் கூடாது. ஒரு நண்டுக்கு ஓர் ஆள்தான். இடம் மாற்றி மாட்டும்போதெல்லாம் ஆப்பை அடித்து, உடம்பு எடையைப் போட்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்க வேண்டும். ஆப்பு காய்ந்து இருக்க வேண்டும், ஈரமோ எண்ணெயோ படக் கூடாது. இவ்வளவும் எட்டு ஆண்களுக்கும் சொல்லப்பட்டது. நண்டு அவரவர் வீட்டில் ராத்தங்கும் என்பதும், அந்த வீடுகளில் பெண்கள் இருக்கிறார்கள் என்பதும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாடக்கண்ணு சாமான்களைச் சாக்கில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். மற்றதையெல்லாம் அவள் முன்னால் கொட்டிவிட்டு, நண்டை மட்டும் எடுத்து மாடக்குழியில் வைத்தான்.

"ஏட்டி, இத மட்டும் தொடாத."

ஏன் என்று சொல்லவில்லை. பசியில் இருந்தான், சோற்றைப் போடு என்றான். கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டான்.

முத்துவடிவுக்கு அந்தச் சொல் உள்ளே போய் முள்ளாக இருந்துகொண்டது. கல்யாணம் ஆகி ஏழு வருஷம். வயிறு திறக்கவில்லை. போன தையில் ஒரு கல்யாண வீட்டில் ஆலாத்தித் தட்டைப் பிடிக்கப் போனவளை, "நீ தொடாதம்மா, வேற புள்ள எடுக்கட்டும்" என்று ஒருத்தி சொன்னாள். அப்போது புருஷன்தான் அங்கேயே சண்டைக்குப் போனான். இன்றைக்கு அவன் வாயிலிருந்தே அதே சொல். உயிரைப் பிடிக்கிற சாமான் என்பதால் என் கை படக் கூடாது என்று நினைக்கிறானோ? கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் மாடக்கண்ணு கூட்டாளிகளோடு பழைய அருவிக்குக் குளிக்கப் போனான். அவள் சாமான்களையெல்லாம் விளக்கி வரிசையாக வைத்தாள். பொரி, அவல், கடலை, சுண்டல், வாழைப்பழம் எல்லாம் ஆயிற்று. சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தபோது மாடக்குழியில் நண்டு மட்டும் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. எடுத்தாள். மற்ற எதையும்விட அதைத்தான் அழகாகத் தேய்த்தாள். ஆப்பைத் தட்டிக் கழற்றி, துளைக்குள் விரல்விட்டு அழுக்கு எடுத்தாள். நல்லெண்ணெயை ஆப்பின் நாலு பக்கமும் தடவினாள். எதிர்க் கொடுக்கு ஓடும் இடத்திலும் தடவினாள். இழுத்தால் வெண்ணெய்போல ஓடியது. அது பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. "நீதான் அவுகளப் பாத்துக்கிடணும்" என்று அதனிடம் சொல்லி மூன்று பொட்டு வைத்தாள்.

ஈரத்தலையோடு வந்தவன் பூஜை வரிசையைப் பார்த்தான். "நண்டுக்கும் பொட்டா?"

"எல்லாத்துக்கும் வச்சிட்டு அதுக்கு மட்டும் வைக்காம இருந்தா அது என்ன நெனைக்கும்?"

அவன் சிரித்தான். "பொட்டு மட்டுந்தான?"

"ஆமா அத்தான். பொட்டு மட்டுந்தான்."

மறுநாள் விஜயதசமி. நல்லநாள் பார்த்து வேலை தொடங்கினார்கள். மேற்கே மலைமேல் மேகம் கூடியிருந்தது. பதினோரு மணிக்குமேல் முத்துவடிவு தூக்குச்சட்டியோடு நடந்துகொண்டிருந்தாள். ஆலையில் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று எல்லாச் சுத்தியலும் ஒன்றாக நின்றன.

அவள் ஓடிப்போனபோது அவன் உமிக்குவியலின் ஓரத்தில் கிடந்தான். முக்கால் உடம்பு உமியிலும் இடுப்பு செங்கல்லிலும் விழுந்திருந்தது. முகம் சாம்பல்போல இருந்தது. மழை வருவதற்குள் ஒரு வரிசையை முடித்துவிட வேண்டும் என்று வேகமாக வேலைபார்த்திருக்கிறான். இரண்டு தரம் நண்டை இடம் மாற்றி மாட்டியபோதும் ஒழுங்காக மூன்று மூன்று தரம் இழுத்துப் பார்த்தானாம். மூன்றாவது இடத்தில் ஒரே ஒரு தரம். தகரத்தில் கால் வழுக்கியதும் கயிறு பிடித்தது என்று மைதீன் சொன்னான். "பிடிச்சுச்சு, நான் பாத்தேன். ஒரு நொடி அந்தரத்துல நின்னான். பொறவு நண்டு அப்பிடியே வாயத் தெறந்துட்டு."

நாலைந்து பேராகக் கதவுப்பலகையோடு அவனைத் தூக்கி மாட்டுவண்டியில் வைத்தார்கள். நண்டு செங்கல்மேல் கிடந்தது. ஆப்பு தனியாகத் தெறித்து அவள் காலடியில் கிடந்தது. குனிந்து எடுத்தாள். விரல் இடுக்கில் அது மீன்குஞ்சுபோல நழுவியது. அவளுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. முந்தியில் முடிந்துகொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் உயிருக்குப் பயமில்லை என்றார்கள். இடுப்பெலும்பு கூடினாலும் இனி ஏணி ஏற முடியாது என்றார்கள். மாற்றுத்துணி எடுக்க மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தவள், சேலையைக்கூட மாற்றாமல் பின்வாசலில் உட்கார்ந்து சாம்பலும் சீயக்காயும் போட்டு அந்த ஆப்பைத் தேய்த்தாள். மைதீன் சாக்கில் கொண்டுவந்து போட்டிருந்த நண்டையும் தேய்த்தாள். எண்ணெயின் மணம் போகும்வரை தேய்த்தாள்.

நாலு நாள் கழித்து அய்யாக்குட்டி ஆசாரி வந்தார். வாசலுக்குள் ஏறாமல் வெளியிலேயே நின்றார்.

"தாயி, அது இங்கனதான் இருக்காம்லா. கொஞ்சம் காட்டு. எங்க தப்புன்னு நான் பாக்கணும்."

கொண்டுவந்து கொடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆப்பின்மேல் கட்டைவிரலை வைத்து மெல்ல நகர்த்தினார். துளைக்குள் செருகிக் காதோரம் வைத்துத் தட்டினார்.

"தேச்சு வச்சிருக்கியே."

"ரத்தம் பட்டிருந்துச்சு அண்ணாச்சி."

அவர் தலையாட்டினார். "இரும்புல குத்தம் இல்ல, விரிசல் இல்ல. அப்பம் சரிவுலதான் குத்தம் இருக்கணும். ஒரு நூலு கூடிட்டோ என்னமோ. கூடுனா ஆப்பு தங்காது தாயி, வழுக்கிக்கிட்டு வெளிய வந்துரும்." கண்ணைச் சுருக்கி மறுபடியும் பார்த்தார். "என் கண்ணுக்குச் சரியாத்தான் படுது. ஆனா எங் கண்ண இனிமே நம்பப்படாதுலா."

முத்துவடிவுக்கு வாய் திறந்தது. அண்ணாச்சி, எண்ணெய் போட்டது நான் என்று சொல்ல இரண்டு மூச்சு நேரம் போதும். ஊர் என்ன சொல்லும் என்றும் அதே இரண்டு மூச்சில் தெரிந்தது. ஆலாத்தித் தட்டைத் தொடக் கூடாதவள், புருஷன் உயிரைத் தொட்டுக் கெடுத்தாள்.

"தண்ணி குடிக்கேளா அண்ணாச்சி?" என்றாள்.

"வேண்டாம் தாயி. அவன் எந்திரிச்சதும் சொல்லு, ஆசாரி வந்து கையெடுத்துக் கும்பிட்டாம்னு." வெறும் வாசலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் ஊரே பேசியது. ஆசாரிக்குக் கண் மங்கிவிட்டது என்றார்கள். கலப்பைக் கொழு அடிக்க வந்தவன்கூட, "இது நெலத்தக் கவ்வுமா, இல்ல இதுவும் வாயத் தெறந்துருமா?" என்று கேட்டானாம். மற்ற ஏழு பேரும் நண்டுகளைக் கொண்டுபோய் மேஸ்திரி முன்னால் போட்டுவிட்டு, வெறும் இடுப்போடு ஏறிக் கூரையை முடித்தார்கள். தை பிறந்ததும் ஆசாரி பட்டறையை விற்றுவிட்டுச் சிவகிரியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் போன அன்று முத்துவடிவு வேறு தெரு வழியாகத் தண்ணீருக்குப் போனாள். அதற்குப் பிறகும் அந்த வழியாகத்தான் போனாள்.

ஒரு வருஷம் ஓடியது. மாடக்கண்ணு கம்பு ஊன்றி வாசலுக்கும் புறவாசலுக்கும் நடந்தான். முத்துவடிவு சைதூன் பீவியோடு உட்கார்ந்து பீடி சுற்றப் பழகிக்கொண்டாள். வீட்டில் இரும்புச் சாமான்கள் துருப்பிடிக்கத் தொடங்கின. சைதூன் பீவி அதைப் பார்த்தாள். ஆனால் கேலி பேசவில்லை.

மறுபடியும் புரட்டாசி வந்தது. ஒருநாள் மடியில் முறத்தை வைத்து இலை நறுக்கிக்கொண்டே சைதூன் பீவி பேச்செடுத்தாள்.

"குத்தாலத்துல ஒரு லாட்ஜுக்குக் கூரை போடுதாகளாம். ஆலையவிட ஒசரமாம். பூசை கழிஞ்சு ஏறணுமாம். மேஸ்திரி நண்டு இல்லாம ஏறாதீகங்காரு. இவுக ஒருத்தரும் கேக்க மாட்டேங்காக."

"ஏங்க்கா?"

"என்னட்டி, ஏன்னு கேக்க? மாடக்கண்ணு அத நம்பித்தான ஏறுனான், என்ன ஆச்சுன்னு கேக்காக. எனக்கும் அதுதான் சரின்னு படுது. நம்பிக்கை இல்லாதவன் பதனமா நடப்பான். நம்புனவன்தான் கீழ விழுவான். ஒம் மாப்ள விழுந்து எம் மாப்ளைக்குப் புத்தி குடுத்துட்டுப் போயிருக்கான்."

முத்துவடிவின் கையில் இருந்த பீடி பிரிந்து தூள் சேலையில் கொட்டியது. "தலை சுத்துதுக்கா" என்று எழுந்து வந்துவிட்டாள்.

மாடக்கண்ணு புறவாசலில் முருங்கைமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் போய் நின்றாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கடைசியில் இருந்து தொடங்கினாள்.

"மைதீன் அண்ணாச்சி நண்டு இல்லாம ஏறப்போறாராம்."

"தெரியும்."

"நண்டுல தப்பில்ல அத்தான். நான் எண்ணெய் போட்டேன். ஆப்புல, துளையில, எல்லாத்துலயும். பொட்டு மட்டும்னு ஒங்ககிட்டப் பொய் சொன்னேன்."

அவன் கம்பு நுனியால் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தான்.

"அதுவும் தெரியும்" என்றான்.

"எப்பிடி அத்தான்?"

"மேல ஏறி ஆப்ப அடிக்கும்போதே மணந்துச்சு. வீட்டு வாசம். துண்டால தொடச்சேன். வெளிய தெரிஞ்சதத் தொடச்சேன். கழத்தி உள்ளயும் தொடச்சிருக்கணும். மழ வருதுன்னு விட்டுட்டேன். ரெண்டு எடத்துல மும்மூணு தரம் இழுத்துப் பாத்தேன், நின்னுச்சு. சரி, வடிவு கைபட்டது ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"பொறவு ஏன் சொல்லல? ஒரு வருசமா ஏன் சொல்லல?"

"சொன்னா ஒன்னியத்தானட்டி சொல்லுவானுவ? ஆலாத்தித் தட்டுக்கே அந்தப் பேச்சுப் பேசுனவனுவ." அவன் குரல் தாழ்ந்தது. "ஆசாரி ஆம்பள, தாங்கிக்கிடுவாருன்னு நெனச்சேன். தொடாதன்னு சொன்னவன் ஏன்னு சொல்லியிருக்கணும். சோறு போடுன்னு சொல்லத் தெரிஞ்சுது, அது தெரியல."

ஒரு வருஷமாக ஒருவருக்கொருவர் மறைத்து, ஒரே பாரத்தை ஆளுக்கொரு பக்கம் தூக்கியிருக்கிறார்கள். அந்தப் பாரத்துக்கு அடியில் கிடந்தது வேறொரு மனுஷர்.

"மேஸ்திரிட்டயும் மைதீன்ட்டயும் நான் சொல்லுதேன்" என்றான் கடைசியில். "ஆசாரிட்ட நீ போ."

அன்று சாயங்காலம் மாடக்கண்ணு மேஸ்திரியையும் வரச்சொல்லிக்கொண்டு மைதீன் வீட்டுக்குப் போனான். சுவருக்கு அந்தப் பக்கம் மைதீனின் குரல் உயர்ந்து கேட்டது. மறுநாள் விடிகாலையில் முத்துவடிவு கிளம்பும்போது சைதூன் பீவி வாசலில் நின்றிருந்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"எம் புருசன் ஏறப்போற அன்னைக்கு முன்னாலயாவது வாயத் தெறந்தியே" என்றாள். "போயிட்டு வா."

தென்காசியில் பஸ் ஏறினாள். மஞ்சள்பைக்குள் நண்டு மடியில் கனத்தது. கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர் என்று ஊர்கள் போய்க்கொண்டே இருந்தன. இடதுபக்கம் மலை கூடவே வந்தது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். சிவகிரியில் இறங்கியபோது ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை.

விசாரித்துக்கொண்டு போனாள். ஆசாரி மகள் வீட்டு வாசலில் கோணியை விரித்து நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். இளைத்துவிட்டார். முன்கையில் அந்த முறுக்கு இல்லை. சம்மட்டி பிடித்த விரல்கள் கடலைத் தோட்டைப் பட்பட்டென்று உடைத்துக்கொண்டிருந்தன.

"யாரு, மாடக்கண்ணு வீட்டுப் பிள்ளையா? வா தாயி. அவன் நடக்கானா?"

அந்தக் கேள்வியில் அவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். பையிலிருந்து நண்டை எடுத்துக் கோணிமேல் வைத்தாள். தலையைக் குனிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை கடலை உடையும் சத்தம் கேட்கவில்லை.

"எந்த எண்ணெய்?" என்றார்.

"நல்லெண்ணெய்."

"ஆப்புலயா, துளையிலயா?"

"ரெண்டுலயும்."

"நான் வந்தன்னைக்கு அது அம்புட்டுச் சுத்தமா இருந்தது?"

"சாம்பல் போட்டு நாந்தான் தேச்சேன். ரத்தம் இல்ல அண்ணாச்சி. எண்ணெய்தான்."

அவர் தெருவைப் பார்த்தார். ஒரு வண்டி போயிற்று. அது முக்குத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஒரு வருசத்துல அந்த ஆப்ப மனசுக்குள்ள ஆயிரம் தடவ அரம் போட்டு ராவியிருப்பேன் தாயி. ஒவ்வொரு தடவையும் சரியாத்தான் வந்துச்சு. சரியா வர வர, எம் மேல சந்தேகந்தான் கூடிக்கிட்டே போச்சு."

"என்னத் திட்டுங்க அண்ணாச்சி."

"திட்டி?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மறுபடியும் அங்கன வந்துருங்க. மேஸ்திரியும் அதத்தான் சொல்லுதாரு. ஊர்ல எல்லாரு முன்னாலயும் நான் சொல்லுதேன்" என்றாள்.

"பட்டறைய வித்தாச்சு. துருத்தியும் போச்சு, பட்டடைக்கல்லும் போச்சு. வந்து எதுல அடிக்க?" என்றார் அமைதியாக. பிறகு நண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "அருமைநாயகத்துட்ட சொல்லு. மத்த ஏழும் ஒரு வருசமாக் கெடக்கு, எவன் என்ன தடவி வச்சிருக்கானோ. எல்லாத்தையும் கழத்தி, சாம்பல் போட்டுத் தேச்சு, வெயில்ல காய வச்சுப் பொறவு ஏறச் சொல்லு." கொஞ்சம் நிறுத்தினார். "தேய்க்குறது ஒனக்கு நல்லா வரும்."

அந்தக் குத்தலை அவள் வாங்கிக்கொண்டாள். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தாள்.

ஆசாரி எழுந்து உள்ளே பார்த்து, "ஏட்டி கோமதி, அடுத்த வீட்டுல ஒரு சுத்தியல் இருந்தா வாங்கிட்டு வா" என்றார். மகள் போய் வாங்கிவந்தாள். காம்பு ஆடிக்கொண்டிருந்த, தேங்காய் உடைக்கிற சின்னச் சுத்தியல். நாற்பது வருஷம் சம்மட்டி பிடித்தவர் அந்த இரவல் சுத்தியலைக் கையில் எடை பார்த்தார்.

வாசலுக்கு மேலே உத்திரத்துக்குப் பதிலாக ஒரு பழைய தண்டவாளம் போட்டிருந்தது. முக்காலிமேல் ஏறி அதன் அடிவிளிம்பில் நண்டை மாட்டினார். எதிர்க் கொடுக்கை நெருக்கி அணைத்தார். ஆப்பைச் செருகி அடித்தார். முதல் அடி மந்தமாக விழுந்தது. இரண்டாவது கொஞ்சம் கெட்டியாக. மூன்றாவது அடிக்கு அது மணிபோல ஒலித்தது. கிணற்றுக்கயிறு ஒன்றை வளையத்தில் போட்டுக் கட்டினார்.

முத்துவடிவு எழுந்து கயிற்றைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

"நீ இல்ல" என்றார். "செஞ்சவன்தான் மொதல்ல தொங்கணும்."

கயிற்றை இரண்டு கையாலும் பற்றி முக்காலியிலிருந்து காலை எடுத்தார். தண்டவாளம் ஒருதரம் முனகியது. நண்டு அசையவில்லை. ஒருதரம் குலுக்கினார். இன்னொரு தரம். மூன்றாவது தரம். மெலிந்த கால்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றன.

"தாங்குது அண்ணாச்சி" என்றாள் முத்துவடிவு.

அவர் கண்ணை மூடியிருந்தார்.

"யய்யா, போதும், எறங்குங்க" என்றாள் மகள் பதறிப்போய்.

அவர் இறங்கவில்லை. கை நடுங்கத் தொடங்கிய பிறகும் இறங்கவில்லை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.